கூடுதலாக வந்த உதவிப்பணம்: எது திருப்பிக் கட்ட வேண்டியது, எது இல்லை?

“மகளுக்கு கார்மெண்ட்ஸில வேலை கிடைச்சிருக்கு. அனுப்பத்தான் பயமாக் கிடக்கு. அஸ்வெசும வெட்டுப்படும், இவ்வளவு நாளும் எடுத்ததையும் திருப்பிக் கட்டச் சொல்லுவினமாம்.”

அஸ்வெசும என்பது வறிய குடும்பங்களுக்கு இலங்கை அரசு மாதாமாதம் கொடுக்கும் உதவிப்பணம். வன்னியில் விசுவமடுவிலோ மல்லாவியிலோ கிராம அலுவலர் அலுவலக விறாந்தையில் அரை மணித்தியாலம் இருந்தால் இந்தக் கதை ஏதோ ஒரு வடிவில் காதில் விழும். சொல்பவர் யாரையாவது சாட்சிக்கு இழுப்பார்: பக்கத்து வீட்டுக்காரி, சங்கக்கடை மனேச்சர், இல்லாவிட்டால் லண்டனில் இருக்கும் சித்தி. சித்திக்கு உண்மையிலேயே அப்படி ஒரு கடிதம் வந்திருக்கலாம். ஆனால் அந்தக் கடிதத்துக்குக் காரணமான விதி லண்டனுக்கு உரியது. இங்கே உதவிப்பணத்தை நிர்ணயிக்கும் முறையே வேறு.

இரண்டு ஊர்க் கதையும் தொலைபேசியில் கலந்து ஒரே பயமாகிவிட்டது. அந்தப் பயத்தில் வேலையை விடுபவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் நடந்த மாற்றத்தை ஒளித்துவைத்து, பிறகு உண்மையிலேயே மாட்டிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். எனக்குக் கூடுதல் கவலை இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான்.

மேலே அந்தத் தாய் சொன்னதற்குள் மூன்று வேறு விடயங்கள் ஒட்டிக் கிடக்கின்றன. உதவி நின்றுபோவது ஒன்று. உதவியின் தொகை மாறுவது இன்னொன்று. ஏற்கெனவே கைக்கு வந்த காசைத் திருப்பிக் கேட்பது மூன்றாவது. முதல் இரண்டும் இனி வரப்போகும் காசைப் பற்றியவை. மூன்றாவது மட்டுமே போன காசைப் பற்றியது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த மூன்றாவதைப் பற்றியது.

வயல் நிறைந்த பிறகும் ஓடும் தண்ணீர்

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர்களுக்கு இது விளங்கச் சுகம். உங்கள் முறைக்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. இரவு நல்ல மழை. விடியப் போய்ப் பார்த்தால் வயல் வரம்பு முட்ட நிறைந்திருக்கிறது. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் நிற்கவில்லை. திறந்துவிட்டவருக்கு உங்கள் வயல் நிறைந்த செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. செய்தி போய், அவர் வந்து துலுசை, அதாவது மதகை, பூட்டும் வரைக்கும் ஓடியது தேவைக்கு மேலே வந்த தண்ணீர். நீங்கள் அதைக் களவெடுக்கவில்லை. அவரும் வேண்டுமென்று விடவில்லை. ஆனாலும் கூட வந்தது கூட வந்ததுதான்.

உதவிப்பணத்திலும் மூன்று திகதிகள் உண்டு. குடும்பத்தின் நிலை ஒரு திகதியில் மாறுகிறது. அலுவலகத்துக்கு அது இன்னொரு திகதியில் தெரியவருகிறது. வங்கிக்குப் போகும் தொகை மூன்றாவது ஒரு திகதியில்தான் மாறுகிறது. இந்த இடைவெளியில், விதிப்படி கிடைக்க வேண்டியதைவிடக் கூடுதலாக வந்த தொகைக்குப் பெயர் மிகைக்கொடுப்பனவு. அதைத் திருப்பி வாங்கும் வேலைக்கு அறவீடு என்று பெயர்.

நம்மிடத்தில் அடிக்கடி நடப்பதையே கணக்காகப் பார்ப்போம். ஒரு வீட்டில் அம்மம்மாவுக்கு மாதம் 5,000 ரூபா முதியோர் கொடுப்பனவு வருகிறது என்று வைப்போம். அவர் பெப்ரவரி நடுவில் இறந்துபோகிறார். செத்தவீடு, எட்டு, முப்பத்தொன்று என்று நாட்கள் ஓடுகின்றன. இறப்புப் பதிவு முடிந்து அலுவலகத்துக்குச் சொல்லும்போது மே மாதம் கடைசி. மார்ச், ஏப்ரல், மே என்று மூன்று மாதக் காசு கணக்கில் விழுந்திருக்கும். 15,000 ரூபா. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் அது வீட்டாருக்கு உரிய காசும் இல்லை.

வருமானம் கூடுவது இவ்வளவு தெளிவான விடயமல்ல. இறப்புக்கு ஒரு திகதி இருக்கிறது. ‘வருமானம் கூடியது’ என்பதற்கு எந்தத் திகதியைப் போடுவது? அதற்கு, வருமானத்தை யார் எப்படி அளக்கிறார்கள் என்று முதலில் தெரிய வேண்டும்.

லண்டன் சித்திக்கு ஏன் கடிதம் வந்தது?

பிரித்தானியாவில் வேலை செய்யும் வயதிலுள்ள குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான முக்கிய உதவி யூனிவர்சல் கிரெடிட். அது மாதத்துக்கு மாதம் கணக்குப் பார்க்கப்படுவது. சம்பளம் எவ்வளவு என்ற விபரம் வரித் திணைக்களத்திடமிருந்து நேராகப் போகிறது. ஒரு எல்லைக்கு மேலே உழைக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் உதவியில் 55 பென்ஸ் குறையும். 100 பவுண் கூட உழைத்தால் 55 பவுண் குறையும், 45 கையில் மிஞ்சும். இப்படிச் சிறுகச் சிறுகக் குறைவது படிமுறைக் குறைப்பு.

எல்லா உதவியும் இப்படி இல்லை. அங்கே நோயாளியை வீட்டில் வைத்துப் பராமரிப்பவருக்கு ஒரு கொடுப்பனவு உண்டு. 2024இல் அது வாரம் 81.90 பவுண். அந்த ஆண்டு ஒருவர் செலவுக் கழிவுகள் போக வாரத்துக்கு 151 பவுணுக்கு மேல் உழைத்தால், ஒரு பவுண் கூடினாலும், அந்த வாரத்துக் கொடுப்பனவு முழுதும் போய்விடும். 2025 ஏப்ரலில் வரம்பை 196 ஆக உயர்த்தினார்கள். இப்படி ஒரு கோட்டைத் தாண்டியதும் எல்லாம் போவது வெட்டுக்கோடு. வெட்டுக்கோடு உள்ள உதவிகளில்தான் மிகைக்கொடுப்பனவு மளமளவென்று ஏறும். பல பராமரிப்பாளர்கள் சில பவுண்களால் கோட்டைத் தாண்டியது தெரியாமல் மாதக்கணக்கில் எடுத்து, கடைசியில் ஆயிரக்கணக்கான பவுண் கடனாக நின்றார்கள். அவர்களுடைய சம்பள விபரம் அரசின் கணினியில் இருந்தது. ஆனாலும் உரிய காலத்தில் ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

சேமிப்பும் கணக்கில் வரும். யூனிவர்சல் கிரெடிட்டில் 6,000 பவுணுக்கு மேல் சேமிப்பு இருந்தால் உதவி குறையத் தொடங்கும். 16,000ஐத் தாண்டினால் கிடைக்காது. நம்மவர்கள் சீட்டுக் கூறி எடுத்த காசை ‘இது என்ரை காசில்லையே, அடுத்த கிழமை கொடுத்திடுவன்’ என்று வங்கியில் போட்டு வைப்பதுண்டு. கணினிக்கு அந்தக் கதை தெரியாது.

சுருக்கமாகச் சொன்னால், சித்தியின் உதவி அவருடைய சம்பளத்தோடு நேரே கட்டப்பட்டிருக்கிறது. சம்பளம் மாறியதும் உரிமையும் மாறும். அந்தச் செய்தி பிந்தினால் மிகைக்கொடுப்பனவு வரும்.

அஸ்வெசும பார்க்கும் கணக்கு வேறு

அஸ்வெசும 2023 ஜூலையில் தொடங்கியது. அதற்கு அடிப்படை 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம். முன்பிருந்த உதவித் திட்டமான சமுர்த்தியிலிருந்து இது மாறுபடும் முக்கியமான இடம், குடும்பங்களைத் தெரிவுசெய்யும் முறை. கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்து கேள்வி கேட்டுத் தகவல் பதிகிறார். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு வசதி, குடும்ப அமைப்பு என்ற ஆறு பக்கங்களில் 22 குறிகாட்டிகள் உண்டு. குறிகாட்டி என்றால் வறுமையை நேரே அளக்க முடியாத இடத்தில் அதற்கு அடையாளமாகப் பார்க்கப்படும் ஒரு விடயம். கரண்ட் எவ்வளவு பாவிக்கிறீர்கள், வீட்டின் சுவரும் கூரையும் எதால் ஆனவை, வாகனம் உண்டா, காணி எவ்வளவு, நீண்டகால நோயாளி உண்டா, மாற்றுத்திறனாளி உண்டா என்று போகும். எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு, அந்தப் புள்ளியின்படி குடும்பம் ஒரு வகைக்குள் விழுகிறது.

தொடக்கத்தில் நான்கு வகைகள் இருந்தன: மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா. 2025 ஜனவரியிலிருந்து வறியோருக்கான 8,500 ரூபா 10,000 ஆகவும், மிகவும் வறியோருக்கான 15,000 ரூபா 17,500 ஆகவும் உயர்ந்தன.

இந்த வேறுபாடு பெரியது. மகள் வேலைக்குப் போன மாதமே அவளுடைய சம்பளத்தைப் பார்த்து 55 சதம், 45 சதம் என்று கழிக்கும் ஏற்பாடு அஸ்வெசுமவில் இல்லை. மாத வருமானம் என்ற ஒற்றை எண்ணை வைத்து மட்டும் வகை நிர்ணயிக்கப்படுவதும் இல்லை. வீட்டின் முழு நிலையையும் ஒரு குறித்த நேரத்தில் பார்த்து ஒரு தீர்மானம் எடுக்கிறார்கள். பிறகு தகவலைப் புதுப்பிக்கும்போது அந்தத் தீர்மானம் மாறலாம், மாறாமலும் விடலாம். கட்டாரில் இருக்கும் மகன் அனுப்பும் காசு கடன் வட்டிக்கே போய்விட்டால் வீட்டின் நிலை அப்படியே இருக்கும். அதே காசில் மாபிள் பதித்து, கார் ஒன்றும் வாசலில் நின்றால் குறிகாட்டிகள் மாறிவிடும்.

ஆகவே விறாந்தையில் இருந்த அந்தத் தாய்க்கு நான் சொல்லக்கூடியது இதுதான். மகள் வேலைக்குப் போனால் அடுத்த மீளாய்வில் உங்கள் வகை மாறக்கூடும். மீளாய்வு என்றால் தகவலைத் திரும்பப் பார்த்துத் தீர்மானிப்பது. அது இனி வரும் காசைப் பற்றியது. உண்மையான தகவலைக் கொடுத்து, அந்தத் தகவலின்படி எடுத்த தீர்மானத்தின் கீழ் போன வருடம் வாங்கிய காசு, மகள் இந்த வருடம் வேலைக்குப் போனதால் பின்னோக்கிக் கடனாக மாறுவதில்லை. மகளை வேலைக்கு அனுப்புங்கள். கார்மெண்ட்ஸ் சம்பளத்தோடு ஊழியர் சேமலாப நிதியும் சேரும்.

அப்படியென்றால் இங்கே மிகைக்கொடுப்பனவு எப்போது வரும்? ஆள் இறந்த பிறகும் அவர் பெயரில் காசு விழும்போது. தொகையைக் குறைக்கத் தீர்மானித்த பிறகும் பழைய தொகையே வரும்போது. ஒரே உதவி இரண்டு வழியால் வரும்போது. கணக்கெடுப்பில் தகவல் பிழையாகப் பதிந்து, அந்தப் பிழையால் மேல் வகைக்குப் போயிருக்கும்போது. இவற்றில் எதிலும் ‘மகள் வேலைக்குப் போனாள்’ என்பது தனியே நின்று வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வருடக் கணக்கை மாதத்துக்குப் பிரித்தால்

உதவிப்பணக் குழப்பங்களில் மிகப் பெரியது இங்கேதான் பிறக்கிறது. வன்னியில் இருப்பவர்கள் இதை மற்ற எவரையும்விட நன்றாக விளங்கிக்கொள்ள முடியும், ஏனென்றால் நம்முடைய வருமானம் மாதச் சம்பளம் போல வருவதில்லை.

இரண்டு ஏக்கரில் காலபோகம், அதாவது மாரிகால நெல், செய்யும் ஒரு குடும்பத்தை எடுப்போம். மார்ச்சில் நெல்லை விற்று, வெட்டுக்கூலி, உரக்கடன் எல்லாம் போக 3 இலட்சம் ரூபா கையில் நிற்கிறது என்று வைப்போம். 12ஆல் பிரித்தால் மாதம் 25,000. தாளில் பார்த்தால் ஒழுங்கான வருமானம். ஆனால் அதே வீட்டுக்கு ஒக்டோபரில் போய்ப் பாருங்கள். விதைநெல்லுக்காக நகை அடகில் இருக்கும். கடையில் கொப்பி நிறையக் கடன். அந்த மாதத்தில் 25,000 அந்த வீட்டில் எந்த மூலையிலும் இல்லை. சராசரி சொல்லும் மாதமும் அடுப்பு எரியும் மாதமும் ஒன்றல்ல.

இந்தச் சராசரியை ஒரு அரசாங்கமே நம்பியதால் வந்த வினை அவுஸ்திரேலியாவில் நடந்தது. அங்கே உதவி இரண்டு கிழமைக்கு ஒருமுறை கணிக்கப்படும். வருடத்தில் 26 தடவை. ஒரு மாணவர் வருடத்தின் முதல் பாதியில் வேலையின்றி உதவி எடுக்கிறார், இரண்டாவது பாதியில் வேலைக்குப் போய் 26,000 டொலர் உழைக்கிறார் என்று வைப்போம். உதவி எடுத்த காலத்தில் உழைப்பு பூச்சியம், ஆகவே பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கணினி வரித் தரவிலிருந்து வருட மொத்தத்தை எடுத்து 26ஆல் பிரித்தது. ஒவ்வொரு இரண்டு கிழமையும் 1,000 டொலர் உழைத்தார் என்று கணக்குப் போட்டது. உடனே, உதவி எடுத்த காலத்திலும் உழைத்திருக்கிறார், மறைத்துவிட்டார், இவ்வளவு கட்டு என்று கடிதம் போனது. இல்லை என்று நிரூபிக்கும் பாரம் மக்கள் தலையில் விழுந்தது. பல வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டை யார் வைத்திருக்கிறார்கள்?

ரோபோடெட் என்று பெயர் வாங்கிய அந்த முறை இலட்சக்கணக்கானவர்களைத் தொட்டது. 2019 நவம்பரில் ஒரு வழக்கில் சமஷ்டி நீதிமன்றம் அப்படிக் கணித்த கடன் சட்டப்படி செல்லாது என்று சொன்னது. அரசாங்கம் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. அரச ஆணைக்குழு ஒன்று விசாரித்து 2023 ஜூலையில் அறிக்கை வெளியிட்டது.

பிரித்தானியாவிலும் முன்னர் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம் போல ஒன்று நடந்தது. 2003இல் தொடங்கிய வரிக்கழிவு உதவி, போன வருட வருமானத்தை வைத்து இந்த வருடத்துக்குக் காசு கொடுத்து, வருட முடிவில் சரிபார்த்தது. முதலாவது வருடத்திலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குடும்பங்களுக்குக் கூடுதலாகப் போயிருந்தது. அத்தனை பேரும் ஏமாற்றுக்காரர்களா என்ன? போன வருடத்தை வைத்து இந்த வருடத்தைக் கணித்த திட்டத்தின் அமைப்பே அப்படி.

இதனால்தான் கடிதத்தில் இருக்கும் தொகையை ஒருபோதும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன். அது ஒரு கணக்கின் விடை. எந்தக் காலத்து வருமானத்தை எந்தக் காலத்து உதவியோடு பொருத்தினார்கள் என்று பார்த்தால்தான் விடை சரியா என்று தெரியும்.

யார் பிழை என்பது தனிக் கேள்வி

‘நான் பிழை செய்யேல்லை, நான் ஏன் கட்ட வேணும்?’ நியாயமான கேள்வி. ஆனால் பிழை யாருடையது என்பதும், காசு திரும்பிப் போக வேண்டுமா என்பதும் பெரும்பாலான நாடுகளில் தனித்தனியாகப் பார்க்கப்படுகின்றன. யூனிவர்சல் கிரெடிட்டில் அதிகாரியின் பிழையால் கூடப் போன காசையும் அறவிடலாம். கடுமையான விதிதான், எனக்குப் பிடித்த விதியல்ல. இலங்கையிலும், தவறுதலாகக் கொடுபட்ட காசைக் கொடுத்தவர் திரும்பக் கேட்கலாம் என்பது நம் பொதுச்சட்டமாகிய ரோமன் டச்சுச் சட்டத்தில் உள்ள பழைய கொள்கை.

ஆனால் பிழையின் தன்மை வேறு இடத்தில் கனக்கும். தெரியாமல் நடந்தால் அது கணக்கு விவகாரம். திருப்பிக் கட்டுவது, தவணை, மேன்முறையீடு என்று அந்த எல்லைக்குள் நிற்கும். தெரிந்துகொண்டே பொய்த் தகவல் கொடுத்துக் காசு வாங்குவது குற்றம். வாகனத்தை மச்சான் பெயருக்கு மாற்றி வைப்பது, வீட்டில் இருப்பவரை இல்லை என்று சொல்வது எல்லாம் இந்தப் பக்கம் சேரும். ஊரில் ‘கெட்டித்தனம்’ என்று சொல்லிச் சிரிக்கும் வேலைகள்தான் இவை. மாட்டும்போது கெட்டித்தனம் என்று ஒருவரும் எழுதிக் கொடுக்கமாட்டார்கள்.

இடையில் ஒரு சாம்பல் நிறப் பகுதியும் இருக்கிறது: மாற்றம் தெரியும், சொல்ல வேண்டும் என்றும் தெரியும், ஆனால் ‘பிறகு பார்ப்பம்’ என்று விட்டது. ஒரு மாதம் பிந்தினால் யாரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. ஒரு வருடம் பிந்தினால் ‘மறந்துபோனன்’ என்பதை நம்பவைப்பது கஷ்டம். சொன்னதற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால் இந்தப் பகுதிக்குள் நீங்கள் வரவே மாட்டீர்கள்.

கடிதம் வந்துவிட்டது, இனி?

முதலில் அது கடிதமா என்று பாருங்கள். தொலைபேசியில் அழைத்து ‘உங்களுக்குக் கூடக் காசு வந்திட்டுது, இந்த நம்பருக்கு அனுப்புங்கோ’ என்று சொன்னாலோ, போனுக்கு வந்த இரகசிய இலக்கத்தைக் கேட்டாலோ, ஒன்றும் கொடுக்காமல் போனை வையுங்கள். நேரே பிரதேச செயலகத்துக்குப் போய்க் கேளுங்கள், இல்லாவிட்டால் அஸ்வெசுமவை நடத்தும் நலன்புரி நன்மைகள் சபையின் 1924 இலக்கத்துக்கு எடுங்கள்.

உண்மையான கடிதம் என்றால், வங்கிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பதிந்து வாருங்கள். பலர் மாதக்கணக்கில் பதிவதில்லை, அட்டையில் காசு எடுப்பதோடு சரி. பதிந்த புத்தகத்தையும் கடிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கடிதம் சொல்லும் ஒவ்வொரு மாதத்துக்கும் புத்தகத்தில் வரவு உண்டா என்று பென்சிலால் அடையாளம் போடுங்கள். அஸ்வெசும பல தடவை பிந்தி வந்திருக்கிறது, இரண்டு மாதக் காசு ஒரே மாதத்தில் விழுந்ததும் உண்டு. ஒரு மாதத்தில் இரண்டு வரவு இருப்பதால் அது மிகை ஆகாது. ஒன்று நிலுவையாக இருக்கலாம். முந்தின மாதம் வெறுமையாக இருந்தால் விடயம் அங்கேயே தெளியும்.

பிறகு அலுவலகத்திடம் கேட்க வேண்டியவை: எந்த மாதங்கள், மாதத்துக்கு எவ்வளவு, எந்தத் தீர்மானத்தின்படி, அந்தத் தீர்மானம் எந்தத் திகதியில் இருந்து செல்லும், எந்தத் தகவலை வைத்து எடுத்தார்கள். கவுண்டரில் நின்று வாயால் கேட்டால் ‘மேலால சொன்னது’ என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் விண்ணப்பித்தால், தகவலைத் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். உங்கள் குடும்பத்தைப் பற்றிப் பதிந்த தகவலின் பிரதியை இப்படிக் கேட்பது தவறே இல்லை. கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தால் தமிழில் தரும்படி கேட்கலாம். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது.

கணக்குப் பிழை என்று தெரிந்தால் மேன்முறையீடு. ஒரு தீர்மானத்தை மாற்றும்படி எழுத்தில் கேட்பதற்குத்தான் அந்தப் பெயர். 2023இல் முதல் பெயர்ப்பட்டியல் வெளிவந்தபோது மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் போயின. ஆகவே அதைச் சண்டை என்று நினைத்துக் கூச வேண்டியதில்லை. எழுதும்போது கஷ்டத்தை இரண்டு வரியில் சொல்லி, மீதியில் திகதியையும் தொகையையும் எழுதுங்கள். ‘நாங்கள் மிகவும் வறிய குடும்பம்’ என்று ஒரு பக்கம் நிரப்பிய கடிதத்தைவிட, ‘ஏப்ரல் மாத வரவு மார்ச்சுக்குரிய நிலுவை, புத்தகப் பிரதி இணைத்துள்ளேன்’ என்ற ஒரு வரி கனதியானது. சிக்கல் பெரிதானால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போகலாம். வருமானம் குறைந்தவர்களுக்குக் காசில்லாமல் ஆலோசனை கொடுப்பதற்கென்றே அது இருக்கிறது.

உண்மையிலேயே கட்ட வேண்டியிருந்தால்

கணக்குச் சரி, காசு கட்டத்தான் வேண்டும் என்றால் முழுதையும் ஒரே தடவையில் கட்ட முயலாதீர்கள். தவணை கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், மாதம் எவ்வளவு முடியும் என்று நீங்களே ஒரு தொகையைச் சொல்லுங்கள். பிரித்தானியாவில் உதவியிலிருந்து மாதாமாதம் கழிப்பதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அடிப்படைத் தொகையில் 25 சதவீதமாக இருந்த அதை 2025 ஏப்ரலில் 15 சதவீதமாகக் குறைத்தார்கள். கடனை அறவிடும் அரசுக்கே, வீட்டில் சாப்பாட்டுக்கு மிச்சம் விட வேண்டும் என்று தெரிகிறது.

இதற்காக நுண்கடன் எடுக்காதீர்கள். கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நிற்கும் அந்தக் கடன் வன்னியில் எத்தனை பெண்களை என்ன பாடு படுத்தியது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வட்டியில்லாத ஒரு பாக்கியைத் தீர்க்க வட்டியுள்ள கடனை வாங்குவது எந்தக் கணக்கிலும் சரிவராது.

கட்டும் ஒவ்வொரு தடவையும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். யாராவது ‘என்னட்டைத் தாங்கோ, நான் கட்டிவிடுறன்’ என்றால், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், வேண்டாம்.

மாற்றத்தைச் சொல்வது எப்படி?

ஆள் இறந்தால், வீட்டை விட்டுப் போனால், புதிதாக வந்தால், கலியாணம் முடித்துத் தனிக்குடும்பமானால், வெளிநாடு போனால், நிரந்தர வேலை கிடைத்தால், வாகனமோ காணியோ வாங்கினால் சொல்லுங்கள். நாட்கூலி ஒரு கிழமை கூடியதற்கும், ஆடு இரண்டு குட்டி போட்டதற்கும் ஓட வேண்டியதில்லை.

கிராம அலுவலரை வழியில் கண்டு சொன்னதும் சொன்னதுதான், ஆனால் நாளைக்கு அவர் மாற்றலாகிப் போனால் அது காற்றோடு போய்விடும். ஒரு தாளில் குடும்பத் தலைவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், என்ன மாறியது, எந்தத் திகதியில் என்று நான்கு வரி எழுதுங்கள். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைப் பிரதேச செயலகத்தில் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை அடித்து வாங்குங்கள். முத்திரை மங்கலாக விழுந்திருந்தால் இன்னொரு தடவை அடிக்கச் சொல்லுங்கள். திகதி வாசிக்க முடியாத முத்திரை இருந்தும் பயனில்லை. நேரில் போக முடியாதவர்கள் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் நிலையச் சீட்டைப் பிரதியோடு குத்தி வைக்கலாம். அதோடு வங்கிப் புத்தகத்தையும் வருடாந்தத் தகவல் புதுப்பிப்பில் தந்த தாள்களையும் ஒரே பையில் போட்டு வைத்தால் போதும்.

சொன்ன பிறகும் பழைய தொகையே வந்துகொண்டிருந்தால்? முடிந்தால் அந்தக் கூடுதல் பகுதியைத் தொடாமல் வையுங்கள். முடியாவிட்டால், அடுத்த மாதமும் ஒரு கடிதம், அதற்கும் ஒரு முத்திரை.

அப்புறம், வருமானம் குறைந்தாலும் இதே வேலையைச் செய்ய வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வேலைக்குப் போன மகள் கலியாணம் முடித்துப் போய்விட்டாள், வெளிநாட்டில் இருந்தவர் வெறுங்கையோடு திரும்பிவிட்டார், வெள்ளத்தில் காலபோகம் அழிந்துவிட்டது என்றால், அதுவும் அலுவலகத்துக்குத் தானாகத் தெரியப்போவதில்லை. ஒருமுறை வெட்டுப்பட்டவர் திரும்ப விண்ணப்பிக்கக்கூடாது என்று ஊரில் சொல்வதை நம்பாமல், புதிய விண்ணப்பம் எப்போது எடுக்கிறார்கள் என்று கிராம அலுவலரிடம் கேட்டு வையுங்கள்.